அறிவுக்கு ஓர் அரங்கம் வேண்டும்

ஒரு சமூகத்தாரை நெடுங்காலம் கல்விச்சாலைக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, பின்னர் அவர்களைச் சுட்டிக்காட்டி, "இவர்களுக்கு அறிவு மட்டு" என்று தீர்ப்புக் கூறுவது வலியோர் உலகெங்கும் கையாண்டு வந்த பழைய தந்திரமாகும். கதவை அடைத்தவனே, உள்ளே வரவில்லையென்று குற்றஞ்சாட்டுகிறான். தன் பிழையால் விளைந்த ஒன்றைத் தனக்கு அனுகூலமாகக் காட்ட எவ்வாதிக்கும் உரிமையில்லை என்பது சட்டத்தின் பாலபாடம். நியாயஸ்தலத்தில் ஒரு நிமிஷமும் நில்லாத இவ்வாதம், சமூகத்தின் முன்னிலையில் மட்டும் நூற்றாண்டுக் கணக்காக ஜெயித்து வந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பு மக்களின் கலாசாலைகளில் அதற்கு ஒரு புதுவிதமான மறுமொழி கிடைத்து வருகிறது. அம்மறுமொழியிலிருந்து நமது பெரம்பூரும், அதைச் சூழ்ந்த வடசென்னையும் கற்கத்தக்கது யாது என்று இங்கே ஆராய்வோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாயிருந்த காலம் உண்டு. பிரிட்டிஷார் ஆளுகையிலிருந்தபோதே, 1740-ல், தென் கரோலினா அதற்குத் தண்டனை விதித்துச் சட்டம் செய்தது. 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் வெள்ளையர் கலாசாலைகளின் கதவு திறக்கவில்லை. ஆகவே கறுப்பு மக்களுக்கென்றே கலாசாலைகள் எழுந்தன. பென்சில்வேனியாவின் செய்னி 1837-லேயே தோன்றியது. ஃபிஸ்க் 1866-லும், ஹோவர்டும் மோர்ஹவுஸும் 1867-லும், டஸ்கேகி 1881-லும் தோன்றின. இத்தகைய கலாசாலைகள் இன்று ஏறக்குறைய நூறு உள்ளன. பிறர் வாசலில் நின்று இரக்காமல், தமக்கென ஒரு வாசலை அமைத்துக்கொண்ட மக்களின் சரித்திரம் இது.

அக்கலாசாலைகளில் போட்டி அரங்கம் புதிதன்று. டெக்ஸாஸைச் சேர்ந்த வைலி கலாசாலையின் மாணாக்கர், மெல்வின் டால்சன் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1935-ல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையாரை விவாதத்தில் எதிர்த்து நின்று வென்றனர். லிங்கன் சர்வகலாசாலையின் விவாதக் குழுவில் வாய்ப்பயிற்சி பெற்ற வாலிபர் ஒருவர், ஹோவர்டில் சட்டம் படித்துத் தேறி, 1954-ல் பள்ளிகளில் நிறபேதம் செல்லாது என்னும் தீர்ப்பை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் பெற்றார். 1967-ல் அதே கோர்ட்டில் முதற் கறுப்பு நீதிபதியாகவும் அமர்ந்தார். அவரே தர்குட் மார்ஷல். மாணாக்கர் மன்றத்தில் பழகிய நாவே பின்னர் ஒரு தேசத்தின் சட்டத்தை மாற்றியது. போட்டியை விளையாட்டென்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி, நாம் முக்கியமாகக் கூற வந்த விஷயம். நம்மவர் 'வினாடி வினா' என்று வழங்கும் போட்டியைக் கலாசாலைகளுக்கிடையே நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் 1953-ல் வானொலி வாயிலாகப் பரவியது. கறுப்பு மக்களின் கலாசாலைகளுக்கென்றே தேசமளாவிய தனிப் போட்டி 1989-ல் ஏற்பட்டது. ஹோண்டா என்னும் மோட்டார் கம்பெனியின் அமெரிக்கக் கிளை அதனை நடத்தி வருகிறது. ஒரு குழுவுக்கு நால்வர். வினா முடியுமுன்னரே விடை அறிந்தவர் பொத்தானை அழுத்தலாம். ஆனால் முதல் வினாவுக்கு எவரையும் கலந்து பேசலாகாது. அதற்குச் சரியான விடை கூறினால்தான், குழுவினர் கூடி ஆலோசித்து விடையளிக்கும் அடுத்த வினா கிடைக்கும். தனியே துணிதலும், கூடி முடிவு செய்தலும் ஆகிய இரண்டு பண்புகளும் ஒரே ஆட்டத்தில் பயிற்சி பெறுகின்றன. நமது அரசியல் ஊழியர்களுக்கு இவ்விரண்டும் எவ்வளவு தேவை என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அப்போட்டியில் இரண்டு அம்சங்கள் நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது, பரிசுப் பணம் மாணாக்கரின் சட்டைப் பையில் விழுவதில்லை. அவர்களுடைய கலாசாலைக்கே மானியமாகச் சேர்கிறது. ஆடியவர் நால்வர், பயன் பெறுவதோ பின்வரும் தலைமுறை. இரண்டாவது, சரித்திரம், விஞ்ஞானம், இலக்கியம் ஆகியவற்றுடன் கறுப்பு மக்களே செய்த சாதனைகளும் அங்கே வினாக்களாகின்றன. பிறர் எழுதிய சரித்திரத்தில் தங்கள் பெயரைக் காணாத வாலிபர்கள், அப்பெயர்களை உரத்த குரலில் மேடையேறிச் சொல்லுகிறார்கள். இரண்டாவது அம்சமே அதிக விலையுடையது என்பது நமது அபிப்பிராயம்.

இம்மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஜோதிராவ் பூலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஹோவர்டு சர்வகலாசாலையின் ஹோவர்டு தர்மன் 1936-ல் பர்தோலியில் காந்தியடிகளைக் கண்டு உரையாடினார். ஃபிஸ்கில் பயின்ற அறிஞர் டு பாய்ஸுக்கு டாக்டர் அம்பேத்கர் 1946-ல் கடிதம் எழுதினார். பம்பாயில் அவருடைய மக்கள் கல்விக் கழகத்தின் சித்தார்த்தா கலாசாலை திறந்ததும் அதே ஆண்டில்தான். நம் சென்னையில் கர்னல் ஆல்காட் 1894 முதற்கொண்டு தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிகள் நிறுவினார். அடைத்த கதவும், அதற்கு எதிரே எழுப்பிய புது வாசலும் இரு தேசங்களுக்கும் பொதுவானவை.

இப்போது பெரம்பூருக்கு வருவோம். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர் மதிக்கும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ம் தேதி இங்கே பிறந்தது. அதற்கு வித்திட்டது எது? பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் சமயப் பிரசங்கம் கேட்கக் கூடிய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்று நடத்திய அச்சபையில், திரு. வி. கல்யாணசுந்தர முதலியார் தொழிலாளர் நிலையை எடுத்துரைத்தார். பி. பி. வாடியா சங்கத்தின் தலைவரானார். நாள் முழுதும் இயந்திரத்தோடு நின்றவர்கள், மாலையில் செவிச்செல்வம் தேடிக் கூடினார்கள். கேட்ட அறிவு சங்கமாயிற்று. ஆலைகள் இன்று இல்லை. ஆனால், உழைப்பாளியின் வீட்டில் அறிவுத் தாகம் இல்லையென்று கூறுவோருக்கு அந்தச் சபை இன்றும் சாட்சியம் கூறுகிறது.

அத்தொழிலாளரின் பேரர்களும் பேத்திகளும் இன்று கலாசாலை மாணாக்கர். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசினர் கலைக் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. தம் குடும்பத்தில் கலாசாலை வாசலை முதன்முதலாக மிதித்தோர் பலர் இவற்றில் பயில்கின்றனர். வாசல் கிடைத்துவிட்டது. ஆனால் அரங்கம்?

இந்தியாவில் வினாடி வினா வளர்ந்த வரலாற்றைப் பாருங்கள். கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் 1967-ல் அதனைத் தொடங்கி வைத்தார். 1972-ல் வானொலி வாயிலாகவும், 1985-ல் தூர்தர்ஷன் வாயிலாகவும் அது நாடெங்கும் பரவியது. சென்னையிலும் பல ஆண்டுகள் சுதந்திர தினத்தன்று மியூசிக் அகாடமியில் பெரியதொரு போட்டி நடந்து வந்தது. இவற்றை நடத்தியோர் அறிவுக்குச் செய்த தொண்டை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் இவை இங்கிலீஷிலேயே பிறந்து, இங்கிலீஷிலேயே வளர்ந்தவை. வியாசர்பாடிக்கும் மியூசிக் அகாடமிக்கும் உள்ள தூரம் சில மைல்களே. ஆனால் தமிழில் படித்த மாணாக்கனுக்கு அத்தூரத்தைக் கடக்க எந்த பஸ்ஸும் ஓடவில்லை.

பொத்தானுக்கு ஜாதி தெரியாது. மணி குலங்கேட்டு ஒலிப்பதில்லை. ஆனால் வினாவை எழுதுகிறவன் பேனாவுக்கு இவையெல்லாம் தெரியும். எதை அறிந்திருப்பது அறிவு, எதை அறியாமலிருப்பது குற்றமன்று என்று தீர்மானிப்பவன் அவனே. லண்டன் நகரத்துப் பாதாள ரயிலைப் பற்றி வினவுகிறவர், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதை வினவுவாரா? பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர் மீது சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றனர். அதனால் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்ற கிளர்ச்சி வலுத்து, 1926-ம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. இதனை வினவுவாரா? நேரு 1955 அக்டோபர் 2-ம் தேதி திறந்து வைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையே 2018-ல் முதல் வந்தே பாரத் ரயிலையும் செய்தளித்தது என்பதையும், பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில் இருப்பதையும் வினவுவாரா? வினவினால், பொத்தானை முதலில் அழுத்துவது யார் கை என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? லண்டனை அறிய வேண்டாமென்று நாம் கூறவில்லை. ராயபுரத்தை அறிந்திருப்பதும் அறிவே என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறோம்.

அரங்கம் இருந்தால் வடசென்னை என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சி வெகு தூரத்தில் இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகளை அறியாதார் இங்கே எவர்? வியாசர்பாடியின் உதைபந்தாட்டக்காரர்களை நாடறியும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் காரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, வடசென்னையில் ஆட்டோ ரிக்ஷா ஓட்டும் தகப்பனாரின் புதல்வி. இவர்களுக்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு களமும், கற்பிக்க ஒரு மூத்தவரும், கைதட்ட ஒரு கூட்டமும் இருந்தன. கைக்கும் காலுக்கும் களம் அமைத்த ஊர், மூளைக்கு மட்டும் ஏன் அமைக்கலாகாது?

ஆட்சேபங்கள் எழும். தனிப் போட்டி என்பது தனிப் பந்திதானே என்பர் சிலர். பிறர் ஒருவனை ஒதுக்கி உட்கார வைப்பது தனிப் பந்தி; அவனே தன் வீட்டில் உலையேற்றுவது சமையல். வைலியார் தம் கலாசாலையில் பயின்று, பின்னர் வெள்ளையரோடு வாதாடியதை மறக்கலாகாது. இது வெறும் மனப்பாடமன்றோ என்பர் வேறு சிலர். மனப்பாடம் அறிவின் முடிவன்று. ஆனால் நாளேட்டையும் நூல் நிலையத்தையும் நாட வைக்கும் தூண்டுகோல் அதைவிட எளிதாக எங்கே கிடைக்கிறது? சபையில் அஞ்சாமல் விடை கூறிய மாணாக்கன், நாளை உத்தியோக சாலையிலும் முனிசிபல் சபையிலும் அஞ்சாமல் வினாக் கேட்பான். ஹோண்டா கம்பெனி விளம்பரத்துக்காகச் செய்வதை நாம் ஏன் பின்பற்ற வேண்டுமென்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே, ஒரு கம்பெனி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறோம். கம்பெனியாரிடம் சம்பளம் வாங்கி வாழ்ந்த ஏழைகள், அக்கம்பெனியை எதிர்த்தே பெரம்பூரில் சங்கம் கண்டார்கள். அவர்கள் வழித்தோன்றல்களால் நான்கு நாற்காலிகளும் ஒரு மணியும் வாங்க இயலாதா?

நமது யோசனை இதுதான். வடசென்னைக் கலாசாலைகளுக்கிடையே ஆண்டுதோறும் தமிழில் ஓர் அறிவுப் போட்டி நடத்த வேண்டும். குழுவுக்கு நால்வர், பெண்மக்கள் இல்லாத கலப்புக் கல்லூரிக் குழுவுக்கு இடமில்லை என்பது விதி. உலக விஷயங்கள் சரிபாதி. நம் நாடு, நம் மொழி, நம் வட்டாரம் பற்றியவை சரிபாதி. வினாக்களை எழுத ஆசிரியர்களோடு, ரயில் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்வு பெற்ற மூத்தோரையும் அழைக்க வேண்டும். பரிசுப் பணம் வென்ற கலாசாலையின் நூல் நிலையத்துக்கே சேர வேண்டும். பூர்வாங்கப் பந்தயங்கள் கலாசாலை தோறும் நடக்கட்டும். இறுதிப் பந்தயம் அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூரில் நடக்கட்டும். காந்தியடிகள் பிறந்த அந்நாள் விடுமுறை நாளாதலால், தகப்பன்மாரும் தாய்மாரும் வந்து தம் மக்கள் விடை கூறக் கேட்பார்கள்.

தேசபக்தர்களே! கட்சிக் கூட்டத்துக்குப் பந்தலிட உங்களுக்குத் தெரியும். ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கவும் தெரியும். அதே பந்தலில், அதே பெஞ்சுகளில், ஆண்டுக்கு ஒரு நாள் எட்டு மாணாக்கரை எதிரெதிரே உட்கார வைப்பது உங்களுக்குப் பெரிய காரியமன்று. அறிவு சிலருடைய பிதுரார்ஜிதச் சொத்தல்ல என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வழக்கில் முழக்கம் மட்டும் போதாது, சாட்சியம் வேண்டும். சாட்சிகள் வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் வகுப்பறைகளில் காத்திருக்கின்றனர். அவர்களைக் கூண்டிலேற்றி விசாரிப்பது நமது கடமை.