இடம் மாறும் மயிர்க்கால்கள்: முடி நடவு நாளில் என்ன நடக்கும்?

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் முடிக்காணிக்கை செலுத்தியவர்களைப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். மொட்டைத் தலையில் கருகருவென முடி எட்டிப் பார்க்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். ஆனால், அப்பாவின் முன்னந்தலையில் விழுந்த வழுக்கையில் மட்டும் ஏன் முடி முளைப்பதில்லை?

சவரக்கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே தெரியும் முடியை மட்டுமே. அதை உருவாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வழுக்கையிலோ மயிர்க்காலே சுருங்கிப்போகிறது. இதற்குக் காரணம், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். பரம்பரையாக வழுக்கை வருபவர்களின் முன்னந்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் இந்த ஹார்மோனைத் தாங்குவதில்லை. பின்னந்தலையில் உள்ளவை பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. முன்பக்கம் முழுவதும் வழுக்கையாகியும் பின்பக்கம் முடி இருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்களே!

நாற்றங்கால் பின்னந்தலை

பின்னந்தலை மயிர்க்காலை எடுத்து முன்னால் நட்டால் அது முன்னந்தலையின் குணத்தைப் பெறுமா, தன் பழைய குணத்தோடே இருக்குமா? நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் இதைச் சோதித்துப் பார்த்து, 1959இல் விடையை வெளியிட்டார். இடம் மாறினாலும் மயிர்க்காலின் குணம் மாறவில்லை. இன்றைய முடி மாற்று அறுவைச் சிகிச்சைக்கு இதுவே அடிப்படை.

நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை வயலில் நடுவது போன்ற வேலை இது. புதிய முடி எதுவும் உருவாக்கப்படுவதில்லை. இருக்கும் முடிதான் இடம் மாறுகிறது. ஆகவே, நாற்றங்காலில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் நடலாம்.

அந்த ஒரு நாள்

ஜார்ஜ்டவுன் கிளினிக் ஒன்றில் உங்கள் மாமா இந்தச் சிகிச்சை செய்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அன்று என்னென்ன நடக்கும்?

காலை: மாமா தலைக்குக் குளித்து, பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போவார். தலைவழியாகக் கழற்றும் டி-சட்டை கூடாது. மாலையில் அது புதிதாக நட்ட இடத்தில் உரசும். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்பார்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். பிறகு படம் எடுத்து, முடி தொடங்க வேண்டிய கோட்டை நெற்றியில் பேனாவால் வரைவார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

முற்பகல்: பின்னந்தலை முடியை ஒட்ட வெட்டிவிட்டு, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த நாளில் அதிகம் வலிக்கும் நேரம் இந்தச் சில நிமிடங்கள்தான். ஊசியில் உள்ள லிடோகேயின், நரம்பு செல்லுக்குள் சோடியம் அயனிகள் நுழையும் வாசலை அடைத்துவிடும். வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மாமா விழித்தேதான் இருப்பார். ஊசியில் சேர்க்கப்படும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்தக் கசிவைக் குறைக்கும். மருந்தும் நெடுநேரம் அங்கேயே நிற்கும்.

அடுத்து, மாமாவைக் குப்புறப் படுக்கவைத்து, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒரு துண்டில் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கும். பின்னந்தலைத் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் பிரிக்கும் முறையும் உண்டு. எடுத்த துண்டுகள் காய்ந்தால் செத்துவிடும். அதனால் குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டுவைப்பார்கள்.

பிற்பகல்: மதிய உணவுக்குப் பிறகு மல்லாந்து படுக்க வேண்டும். முன்னந்தலையில் நுண்ணிய துளைகள் இட்டு, முடி இயல்பாகச் சாயும் கோணத்திலேயே துண்டுகளை நடுவார்கள். ஒரே நாளில் ஆயிரம், இரண்டாயிரம் துண்டுகள்கூட நடப்படும். முழு வேலைக்கும் 4 முதல் 8 மணி நேரம் ஆகலாம்.

மாலை: மாமா அன்றே வீடு திரும்பலாம், ஆனால் தானே காரோட்டிக்கொண்டு வரக்கூடாது. சில நாள்களுக்குத் தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். நட்ட இடத்தைச் சொறியக்கூடாது. நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கினால், சில நாள்களில் வற்றிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

அட்ரினலின் சேர்த்த லிடோகேயினைப் பொதுவாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு உச்ச அளவு 420 மில்லிகிராம். 2 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கும். அப்படியானால், 21 மில்லிலிட்டர்தான் எல்லை! தலை பெரிய பரப்பு, நேரமும் நீண்டது, ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். கணக்குத் தவறி அளவு மீறினால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பும் தடுமாறலாம்.

சென்னை தந்த பாடம்

2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியின் 22 வயது மாணவர் ஒருவர் நகரிலுள்ள தனியார் நிலையம் ஒன்றில் முடி நடவு செய்துகொண்டார். சிகிச்சையின்போதே உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் உயிரிழந்தார். மருத்துவராகவிருந்த இளைஞரின் மரணம் தமிழகத்தை உலுக்கியது. சிகிச்சை நடந்த இடத்துக்கு முறையான மருத்துவ அனுமதி இருந்ததா, மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை உடனிருந்தாரா என்ற கேள்விகள் எழுந்தன.

இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. காணொளி பார்த்தோ, ஓரிரு பயிலரங்குகளுக்குப் போயோ இந்தச் சிகிச்சையைக் கற்றுவிட முடியாது. முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று அது கூறியது.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கிளினிக்குகள் சுகாதார அமைச்சிடம் பதிந்திருக்க வேண்டும். மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஊசி போடுவது யார், துளையிடுவது யார், அவசரம் என்றால் என்ன ஏற்பாடு என்று மாமா முன்கூட்டியே கேட்கலாம். கேட்பது அவருடைய உரிமை.

உதிர்ந்தால் பயம் வேண்டாம்

நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டு முதல் நான்கு வாரங்களில் உதிர்ந்துவிடும்! பணம் வீணாகிவிட்டதென்று பலர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் மயிர்க்கால் அதிர்ச்சியில் ஓய்வெடுக்கிறது. மூன்று, நான்கு மாதங்களில் புது முடி முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.

உங்கள் வயதில் இந்தச் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வழுக்கை எதுவரை போகும் என்பது இளம் வயதில் தெரியாது. இன்று நட்ட முடி நிலைத்து, அதன் பின்னால் உள்ள முடி நாளை உதிர்ந்தால், முன்னால் மட்டும் ஒரு கோடு மிஞ்சும். சீவும்போது நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது இயல்புதான். அதற்குமேல் கொட்டினால், விளம்பரத்தைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு போன்ற காரணங்களை ஓர் இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். அவற்றைச் சரிசெய்தால் முடி பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும்.