சேத மதிப்பீடும் கத்மண்டுப் பள்ளத்தாக்கும்

புவிநடுக்கம் எந்நாளில் நிகழும் என முன்கூட்டிக் கூறவல்ல விஞ்ஞானம் இன்றுவரை இல்லை. ஆயின், நிகழ்ந்தால் எத்தனை வீடுகள் விழும், எத்தனை பேருக்கு வைத்தியசாலைப் படுக்கை வேண்டும் என்பவற்றை ஓரளவு கணிக்கலாம். பிரதேச அனர்த்தத் திட்டமிடல் இக்கணிப்பையே அடிப்படையாகக் கொள்கிறது. அதன் இயல்பையும் எல்லையையும் நேபாளத்தின் அனுபவங்கொண்டு நோக்குவோம்.

நிலம் எவ்வளவு அதிரும், அதன்மேல் யாவை உள, அவை எவ்வளவு தாங்கும் என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகளே மதிப்பீட்டின் உறுப்புகள். ஒரு புவிநடுக்கத்தின் பருமன் ஒன்றே. அதன் செறிவோ இடத்துக்கிடம் வேறுபடும். கத்மண்டு நகரம் பண்டைய ஏரியொன்றின் படிவுகள்மீது அமைந்துள்ளது. பாறைமீது தணிந்து செல்லும் அலை இத்தகைய மென்படிவுகளிற் பெருகும். மூன்றாவது வினாவே கடினமானது. ஒரே தெருவில் மண்சாந்திட்ட செங்கல் வீடும், பொறியியலாளர் எவரும் பார்வையிடாத கொங்கிறீற்றுச் சட்டக வீடும் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் அதிர்வுக்கேற்ற சேத விகிதத்தை முன்னைய அனர்த்தங்களிலிருந்தே பெறவேண்டும்.

1934ஆம் ஆண்டின் பெரும் நடுக்கம் பள்ளத்தாக்கில் நான்காயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே அதிர்வு மீண்டும் வரின் 40,000 பேர் இறப்பர், 95,000 பேர் காயமுறுவர், 60 வீதமான கட்டடங்கள் சேதமுறும் என 1990களின் பிற்பகுதியில் மதிப்பிடப்பட்டது.

2015 ஏப்பிரல் 25இல் 7.8 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர்; பள்ளத்தாக்கில் மாண்டோர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. மதிப்பீடு பொய்த்தது என எண்ணத் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. மதிப்பிடப்பட்டது 1934இன் அதிர்வு. வந்தது வேறோர் அதிர்வு. ஐந்து செக்கன் அளவான நீண்ட அலைவுகள் அதில் மேலோங்கியமையால் நகரின் குறுகிய உயரமுடைய வீடுகள் பெரும்பாலும் தப்பின. தரஹரா கோபுரம் வீழ்ந்தது. அன்று சனிக்கிழமை, நண்பகல் வேளை. ஆயிரக்கணக்கான பாடசாலைகள் இடிந்தன. விடுமுறையாதலால் அவற்றிற் பிள்ளைகள் இல்லை. இத்தகைய தற்செயலை எக்கணக்கும் தன்னுள் அடக்காது.

நாம் கவனிக்கவேண்டிய குறை வேறோரிடத்தில் உள்ளது. கணிப்பு நகரப் பள்ளத்தாக்கை நோக்கியது. சாவு மலைக்கிராமங்களுக்குச் சென்றது. நடுக்கத்தின் மையம் கோர்க்கா மாவட்டத்தில் இருந்தபோதும், பிளவு கிழக்கு நோக்கிப் பரவியமையால் சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்குள்ள வீடுகள் கல்லும் மண்சாந்தும் கொண்டவை. இறந்தோரிற் பெண்களே கூடுதலானோர். ஆடவர் பலர் பிழைப்புத் தேடிப் பிறநாடு சென்றிருந்த கிராமங்கள் அவை. எவ்வேளையில் எவர் கூரையின்கீழ் இருப்பர் என்பதும் மதிப்பீட்டுக்குரிய தரவே. சேதமுற்ற மாவட்டங்களில் வீடுகளின் கட்டுமானம் வீடுவீடாகப் பதியப்பட்டது 2015இன் பின்னர். அதுவும் நிவாரணத்துக்கு உரியோரைத் தெரிவுசெய்யும் பொருட்டே.