விசிறியும் செங்கல்லும்

ஜாலான் புசார் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் எங்களுக்குக் கொல்லைப்புறம் ஏது? கரியில் கோழி வாட்ட ஆசை வந்தால், தேசியப் பூங்காக் கழகத்தில் முன்பதிவு செய்துவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கிளம்ப வேண்டியதுதான். சிராங்கூன் கார்டனில் தரைவீடு வைத்திருக்கும் என் மைத்துனருக்கு அந்தக் கவலை இல்லை. பின்கட்டிலேயே நிலையான பார்பிகியூ அடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டார். முதல் நாள் கரி கனன்று அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ‘டப்’பென்று ஒரு சத்தம். உட்சுவரிலிருந்து காசளவு கான்கிரீட் சில்லு தெறித்துக் கோழித் தொடைமேல் விழுந்தது.

மறுநாள் இருவரும் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடை ஏறினோம். நடந்ததைக் கேட்ட கடைக்கார முதியவர், “கரியைக் குறை சொல்லாதீர்கள், சுவரைப் பாருங்கள்” என்றார்.

முதலில் கரியைப் பார்ப்போம். லாவ் பா சாட் பக்கத்தில் மாலையில் சாத்தே வாட்டுபவரின் கை ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். கனலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்தான் இறைச்சியை முக்கியமாகச் சுடுகிறது. கரிமேல் படியும் சாம்பல் அந்தக் கதிருக்குப் போர்வை. விசிறி அதைப் பறக்கடிக்கிறது, கூடவே ஆக்ஸிஜனையும் ஊட்டுகிறது. கனலின் வெப்பநிலை 600 டிகிரியிலிருந்து 800 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கெல்வின் கணக்கில் அது 873லிருந்து 1,073. கால் பங்குகூடக் கூடவில்லை. ஆனால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி. ஆகவே கதிர் இரண்டேகால் மடங்காகிவிடும். அவர் மணிக்கட்டை நாலு தரம் ஆட்டுவதன் பலன் இது.

அந்தக் கதிர் முதலில் செய்யும் வேலை இறைச்சியின் மேற்பரப்பை உலர்த்துவது. ஈரம் இருக்கும்வரை மேல்தோல் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஈரம் போய், 140 டிகிரியை நெருங்கும்போதுதான் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் பிறக்கின்றன. இந்த வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையார். சாத்தே மசாலாவில் சீனி சேர்ப்பதால்தான் அது அத்தனை சீக்கிரம் சிவக்கிறது. கண் அசந்தால் கருகியும் விடுகிறது.

இறைச்சிக்கு வரம் தரும் அதே கதிர், சுவருக்குச் சாபம். கான்கிரீட்டின் நுண்துளைகளில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அது நீராவியாகும்போது, வெளியேற இடமிருந்தால், சுமார் 1,700 மடங்கு விரியும். துளைக்குள் இடமில்லை, அழுத்தம் ஏறிச் சில்லு தெறிக்கிறது. ஜல்லியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் வேறு, 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று உப்புகிறது. சுற்றியுள்ள சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் விரிசல் விடும்.

ஃபயர் பிரிக் எனும் நெருப்புச் செங்கல் இதற்கென்றே பிறந்தது. அலுமினா மிகுந்த களிமண்ணை அதிக வெப்பத்தில் சுட்டுச் செய்வதால், கரிக்கனல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. முதியவர் சொன்னபடி உள்பக்கம் அதை அடுக்கி, வெப்பம் தாங்கும் சாந்து பூசி, வெளிச்சுவருக்கும் அதற்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டோம். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. கனல் தகிக்கும்போதும் வெளிச்சுவரில் கை வைக்க முடிகிறது.

“மச்சான், இன்னைக்கே மூட்டிடலாமா?” என்று அவசரப்பட்டார் மைத்துனர். கூடாது. புதுச் சாந்திலும் தண்ணீர் உண்டு. அது நன்றாக இறுகிய பிறகு, நான்கு நாள் நான்கு சிறு தீ, ஒவ்வொரு நாளும் சற்றே பெரிதாக. இரண்டாம் நாள் செங்கல் இடுக்குகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அன்று சுவரைச் சில்லாய் வெடிக்கவைத்த அதே தண்ணீர், இந்த முறை சத்தமின்றி வெளியேறிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செங்கல் அந்த ஈரத்தையும் குடிக்கும். அதனால் மழைக்காலத்தில் அடுப்பு மூட்டும்போது மைத்துனர் முதலில் இரண்டு கைப்பிடி கரிதான் போடுகிறார். கோழி அதுவரை குளிர்பெட்டியிலேயே காத்திருக்கிறது.