உஷார்! விமானத்தில் குடித்துவிட்டுத் தூங்காதீர்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும், பேரக்குழந்தையைப் பார்க்க அப்பா அம்மாவை விமானம் ஏற்றி அனுப்பப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவன் செய்தியில் வந்துவிடுவான். நான் எச்சரிக்க வந்தது வேறொருவரைப் பற்றி. யாருக்கும் தொந்தரவு தராமல் இரண்டு பெக் போட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போகிறாரே, அவரைப் பற்றி. அவர் உடம்புக்குள் நடப்பது பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது, பணிப்பெண்ணுக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது.

நம் ஊரிலிருந்து கிளம்பும் நீண்டதூர விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் புறப்படுகின்றன. மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டி வந்துவிடும். விஸ்கியோ, ஒயினோ, பீரோ, பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களில் எல்லாம் டிக்கெட் காசிலேயே அடக்கம். “ஒண்ணு போட்டா நிம்மதியா தூங்கலாம், கண்ண முழிச்சா ஊர் வந்திருக்கும்.” வீட்டில் தொடாதவர்கூட இப்படி நினைத்துக் கையை நீட்டிவிடுகிறார். இந்த நினைப்புதான் ஆபத்து.

ஊட்டியைவிட உயரத்தில் ஒரு ராத்திரி

விமானம் 35,000 அடி, 40,000 அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால், தரையில் இருக்கும் அழுத்தம் அங்கே கிடையாது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் என்ன அழுத்தம் இருக்குமோ, அதுதான் விமானத்துக்குள்ளும். ஊட்டி சுமார் 7,350 அடி. அப்படியானால் பல விமானங்களில் நீங்கள் ராத்திரி முழுக்க ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இதை 6,000 அடி அளவில் வைக்கிறார்கள், அது சற்றுத் தேவலை.

அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. ஆரோக்கியமான ஆள் விழித்திருக்கும்போது உடம்பு அதைச் சமாளித்துவிடும். மூச்சு கொஞ்சம் வேகமாகும், இதயம் கொஞ்சம் கூடுதலாகத் துடிக்கும். தூங்கும்போது மூச்சு இயல்பாகவே மெதுவாகிவிடுகிறது. அதன்மேல் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? மது, மூச்சைத் தூண்டும் மூளைப் பகுதியை மந்தமாக்குகிறது, தொண்டைத் தசைகளைத் தளர்த்துகிறது, ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட இதயம் ஒருபக்கம் ஓடுகிறது. குழாய்கள் விரிந்ததால் இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மறுபக்கம் ஓடுகிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதாக நினைக்கும் அந்த நேரம் முழுக்க அதற்கு ஓய்வே இல்லை.

ஜெர்மனியில் அளந்து பார்த்தார்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள விண்வெளி ஆய்வு மையத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2024 ஜூனில் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. 18 முதல் 40 வயதுக்குட்பட்ட, எந்த நோயும் இல்லாத 48 பேர். பாதிப் பேர் சாதாரணத் தூக்க ஆய்வறையில் படுத்தார்கள். மீதிப் பேர், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போலவே அமைத்த அறையில் படுத்தார்கள். ஒரு ராத்திரி குடிக்காமல், ஒரு ராத்திரி குடித்துவிட்டு, நான்கு மணி நேரத் தூக்கம். கொடுத்த மது, இரண்டு கேன் பீர் அல்லது இரண்டு கிளாஸ் ஒயினுக்குச் சமம். அவ்வளவுதான்.

தரையில், குடிக்காமல் தூங்கியவர்களின் ரத்த ஆக்சிஜன் சுமார் 96 சதவீதம், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64. தரையில் குடித்துவிட்டுத் தூங்கியபோது ஆக்சிஜன் 95, துடிப்பு 77. விமான அழுத்தத்தில், குடிக்காமலேயே ஆக்சிஜன் 88-க்கு இறங்கியது, துடிப்பு 73 ஆனது. அதே அழுத்தத்தில் குடித்துவிட்டுத் தூங்கியபோது? ஆக்சிஜன் 85, துடிப்பு கிட்டத்தட்ட 88.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலே வீடே பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. இங்கே, இரண்டு பீர் குடித்த ஆரோக்கியமான இளைஞரின் உடம்பில் அது 85. 240 நிமிடத் தூக்கத்தில் 201 நிமிடம் 90-க்குக் கீழேயே கிடந்தது. ஆழ்ந்த தூக்கமும் குறைந்துபோனது. தூக்கத்துக்காகத்தானே குடித்தார்கள், அந்தத் தூக்கமும் சரியாக வரவில்லை!

இவர்கள் எல்லாம் 40 வயதுக்குட்பட்டவர்கள், கால் நீட்டிப் படுத்துத் தூங்கியவர்கள் என்பதை மறக்காதீர்கள். 68 வயது அப்பா, ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, எகானமி வகுப்பில் முழங்கால் முன்சீட்டில் இடிக்க உட்கார்ந்தபடி தூங்குகிறார். அவர் நிலைமை என்ன?

குட்டிப் பாட்டில் குட்டி அல்ல

விமானத்தில் தரும் மினியேச்சர் பாட்டிலைப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். வழக்கமாக அதில் இருப்பது 50 மில்லி. நம் ஊர் ஸ்மால் பெக் 30 மில்லி, லார்ஜ் 60. ஆக, ஒரு குட்டிப் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு லார்ஜ். சாப்பாட்டுக்கு முன்பு ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று என்று வாங்கினால் 100 மில்லி. ஒரு குவார்ட்டரில் பாதிக்கும் மேல் உள்ளே போய்விட்டது. ஆய்வில் கொடுத்த மதுவும் ஏறத்தாழ இந்த அளவுதான்.

“மேலே ஒரு பெக், கீழே இரண்டு பெக்குக்குச் சமம்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரத்தத்தில் ஏறும் மதுவின் அளவு உயரத்தால் இரட்டிப்பாவதில்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த உடம்பில் மது இறங்குவதால்தான் தலை அதிகம் கிறுகிறுக்கிறது. எனவே “எனக்கு நாலு பெக் தாங்கும்” என்ற தரைக் கணக்கை மேலே கொண்டுபோகாதீர்கள்.

இவர்கள் தொடவே கூடாது

இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் விமானத்தில் ஒரு சொட்டுகூட வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறுபவர்களும் அப்படியே. அவர்களுக்குத் தரையிலேயே ராத்திரியில் ஆக்சிஜன் இறங்குகிறது. கர்ப்பிணிகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகள் ரொம்பக் கவனம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மது, சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளிவிடும். விமானத்தில் சாப்பாட்டு நேரமே தாறுமாறு. மாத்திரையைப் போட்டுவிட்டு, பெக்கையும் குடித்துவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் தூங்கிப்போகிறவர்கள் உண்டு. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் “போதை ஏறிடுச்சு, விடு” என்று திரும்பிக்கொள்வார்கள். மது வாடையும் சேர்ந்துவிட்டால், காப்பாற்ற வேண்டிய நிமிடங்கள் அப்படியே நழுவிப்போகும்.

எல்லாவற்றையும்விடக் கொடிய கூட்டு, மதுவும் தூக்க மாத்திரையும். அல்பிரசோலம், ஜோல்பிடெம் போன்றவை மூச்சை மந்தமாக்கும் வேலையை மதுவோடு சேர்ந்து செய்கின்றன. தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை, வாந்தி மாத்திரையும் இந்தக் கணக்கில்தான் வரும். மாத்திரை போட்டிருந்தால் மது கிடையாது. இதில் விதிவிலக்கே இல்லை.

காலில் உறையும் ரத்தம்

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது அதன் கணக்கு. சின்ன எண்தான். ஆனால், வயதானவர்கள், உடல் பருத்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. குடித்துவிட்டுத் தூங்குபவர் எழுந்து நடப்பது குறைவு, தூக்கத்தில் கால் மாற்றிப் போடுவதும் குறைவு. மணிக்கணக்கில் ஒரே மடக்கில் கிடக்கிறார். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ “பயணக் களைப்பு” என்று படுத்துவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உறைந்த அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிர் போகும். பயணம் முடிந்து சில வாரங்கள் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது.

ஓட வேண்டிய நேரத்தில்

2024 ஜனவரி 2. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணிக்குழு சொன்னதை அந்த நொடியே கேட்டு, பெட்டியை எடுக்காமல் நகர்ந்ததால் அது நடந்தது. அந்த வரிசையில் எழுப்பினாலும் எழாத ஒருவர் இருந்திருந்தால், அவருக்குப் பின்னால் இருந்தவர்களின் கதி என்ன?

அதே ஆண்டு மே 21-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடுமையான குலுக்கலில் சிக்கி பாங்காக்கில் இறங்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டார்கள். குடித்தவருக்குச் சிறுநீர் அடிக்கடி வரும். தள்ளாடியபடி எழுந்து நடக்கும் அந்த நேரத்தில் இப்படியொரு குலுக்கல் வந்தால் தப்பிப்பது கடினம்.

சட்டம் வாசலில் நிற்கிறது

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை விமானத்துக்குள் திறக்காதீர்கள். விமானப் பணியாளர் ஊற்றித் தந்ததைத் தவிர வேறு மதுவைக் குடிப்பது அமெரிக்க விதிப்படி குற்றம். மற்ற நாட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் விமானத்துக்குள் போதையில் இருப்பதே குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இந்தியாவில் 2017-ல் வந்த விதிப்படி, தகராறு செய்பவருக்கு மூன்று மாதம் வரையிலும், தகராறு கடுமையானால் இரண்டு ஆண்டு, அதற்கு மேலும்கூடப் பறக்கத் தடை விதிக்கலாம்.

2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பயணி ஒருவர் மூதாட்டி ஒருவர்மேல் சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. அதைக் கையாண்ட விதத்துக்காக நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம், விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். அதன்பிறகே மது பரிமாறும் விதிகளை நிறுவனம் மாற்றியது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் மதுவுக்குத் தடை. துபாய், தோஹா வழியாகப் போகும்போது முதல் விமானத்தில் தாராளமாக ஊற்றுவார்கள். அடுத்த விமானத்தில் ரியாத்திலோ குவைத்திலோ வாடையோடு இறங்கினால், கடன் வாங்கி வாங்கிய விசா குடியேற்ற கவுன்ட்டரிலேயே பறிபோகலாம். அந்தக் கடனைக் கட்டப்போவது ஊரில் இருக்கும் குடும்பம்.

என்ன செய்யலாம்?

ராத்திரி விமானத்தில் தூங்கப்போகிறீர்கள் என்றால் மது வேண்டாம். குடித்தே தீருவேன் என்பவர் பகல் விமானத்தில், சாப்பாட்டோடு, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்பிறகு சில மணி நேரம் விழித்திருங்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான், அடிக்கடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளே, சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்கிறீர்கள், சைவச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கிறீர்கள். இதையும் சொல்லி அனுப்புங்கள். “அப்பா, ஃபிளைட்ல எதுவும் குடிக்காதீங்கப்பா, நீங்க போடுற மாத்திரைக்கு அது ஆகாது.” சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

பக்கத்தில் குடித்துவிட்டுத் தூங்குபவரைக் கொஞ்சம் கவனியுங்கள். குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறதா, உதடு நீலம் பூத்திருக்கிறதா, தோளைத் தட்டினால் அசைவில்லையா? சங்கடப்படாமல் உடனே அழைப்பு பட்டனை அழுத்துங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் விமானத்தில் உண்டு. இப்படியான அவசரத்துக்குப் பணிக்குழுவுக்குப் பயிற்சியும் உண்டு. யாராவது கூப்பிட்டால்தான் அவர்கள் வருவார்கள்.

விமான நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட் போடச் சொல்கிறீர்கள், லைஃப் ஜாக்கெட் காட்டுகிறீர்கள். ராத்திரி விமானத்தில் விளக்கை அணைக்கும் முன் மது ஊற்றுவதை மட்டும் ஏன் விருந்தோம்பல் என்கிறீர்கள்? விமானத்தில் மதுவைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று அந்த ஜெர்மன் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இதைக் கையில் எடுக்க வேண்டும். தூங்கும் நேரத்தில் மது பரிமாறுவதை நிறுத்துங்கள். குறைந்தபட்சம், மாத்திரை சாப்பிடுபவர்களும் இதய நோயாளிகளும் குடிக்க வேண்டாம் என்று ஒரு அறிவிப்பாவது செய்யுங்கள்.

அந்த விதி வரும்வரை உங்கள் உயிருக்கு நீங்கள்தான் காவல். தள்ளுவண்டி பக்கத்தில் வந்து நிற்கும்போது தண்ணீர் கேளுங்கள்.