வெஸ்ட்மின்ஸ்டர் கூரையைக் குடைந்த வண்டு

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் ஓக் மரக் கூரை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் அதைச் சோதித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். தடித்த உத்தரங்களுக்குள் பெரும் பொந்துகள்! குடைந்தது ‘டெத்வாட்ச்’ வண்டின் புழு. வளர்ந்த வண்டு, துணை தேடித் தலையால் மரத்தைத் தட்டும்.

மருந்து தேடும் வேலை ஹெரால்ட் மாக்ஸ்வெல் லெஃப்ராயிடம் வந்தது. இந்தியாவுக்கு அறிமுகமானவர்தான், பிகாரின் பூசாவில் பூச்சியியலாளராகப் பணியாற்றி, இந்தியப் பூச்சிகளைப் பற்றித் தடித்த நூலொன்றும் எழுதியவர். அப்படி உருவாக்கிய மருந்தை விற்க 1925-இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய ரென்டோகில். அதே ஆண்டு, ஆய்வகத்தில் நச்சுவாயுவைச் சோதிக்கையில் அதற்கே பலியானார்.

மரத்தின் மேல் பூசும் மருந்து சில மில்லிமீட்டர்தான் இறங்கும். உள்ளே ஆண்டுக்கணக்கில் குடையும் புழுவுக்கு எட்டாது. வெளியே வரும் வண்டையும் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த புழுவையுமே கொல்லும். ஈர மரத்தில் போரான் உப்பு இன்னும் ஆழமாகப் பரவும்.

கறையான் கதை வேறு. பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறி வருவதால், வீடு கட்டும்போதே அஸ்திவார மண்ணில் மருந்து ஊற்றுகிறார்கள்.

இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும். மருந்தடிக்க ஆளைக் கூப்பிடும் முன் ஒழுகும் கூரையையும் கசியும் குழாயையும் சரிசெய்துவிடுங்கள்.