பில் போடும் கம்ப்யூட்டர் கண் விழிக்காவிட்டால்

பில் போடும் கம்ப்யூட்டரின் திரை இருண்டு, கீபோர்டும் பேச்சுக் கேட்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். நாம் மெக்கானிக் அல்ல. வத்தலும் துவரம்பருப்பும் மொத்தத்தில் விற்பவர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

2000-ம் ஆண்டில் மண்டிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். "வேகமான மெஷின் அண்ணே" என்றார் விற்றவர். சித்திரை வெயில் ஏறியதும் பகல் பதினோரு மணிக்குத் திரை கறுக்கத் தொடங்கியது. பிறகு பற்று வரவு ஃபைலிலேயே எழுத்துகள் சிதைந்தன. கணக்கப்பிள்ளை பழைய வழக்கத்தை விடாமல் பேரேட்டிலும் எழுதி வந்ததால் கடன் பாக்கி தப்பியது.

திறந்து பார்த்தால் உள்ளே 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் சிப். மதர்போர்டின் ஸ்லாட்டில் அது நேரே பொருந்தாது என்பதால் 'ஸ்லாட்கெட்' என்ற இடையட்டையில் செருகியிருந்தது. வேகத்தைக் கூட்ட, 66 ஆக இருக்கவேண்டிய பஸ் வேகத்தை 83 ஆக்கி வைத்திருந்தார்கள். சிப் அதைப்போல் நாலரை மடங்கு ஓடும். ஆக 300 என்பது ஏறக்குறைய 375 ஆகிவிட்டது. லாபம்தானே என்பீர்கள். ஆனால் ஒரே நுகத்தில் கட்டிய மாடுகளில் ஒன்றை மட்டும் விரட்ட முடியுமா? ஹார்ட் டிஸ்க் பக்கம் 33-ல் ஓடவேண்டியது 41-ஐத் தாண்டியது. திரை அட்டையின் பாதை 66-க்குப் பதில் 83. சிப் தாங்கினாலும் மற்றவை தாங்கவில்லை. அதே சிப்பை 100 பஸ்ஸில், 450 வேகத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியவர்கள் உண்டு. அதற்கேற்ற போர்டு 100-ஐ மூன்றாக வகுத்து 33-ஐச் சரியாகக் கொடுத்துவிடும்.

திரை இருண்டால் முதலில் 'நம் லாக்' விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. மானிட்டர் வயரையும் திரை அட்டையையும் பாருங்கள். விளக்கு அசையாவிட்டால் மெஷின் உறைந்திருக்கலாம், அல்லது கீபோர்டு வயர் கழன்றிருக்கலாம். அவார்டு பயாஸ் உள்ள பெட்டியில் ஒரு நீள ஒலியும் இரு குறு ஒலியும் கேட்டால் கோளாறு திரை அட்டையில். கீபோர்டு இல்லை என்று சொல்லிவிட்டு, தொடர எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் மெஷினும் உண்டு, கோபப்பட வேண்டாம்.

உருண்டை முனைக் கீபோர்டை மின்சாரம் ஓடும்போது செருகாதீர்கள். போர்டிலுள்ள சிறு ஃபியூஸ் போய்விடும். ஊதா துளை கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இடையட்டையைக் கழற்றி, அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து, அழுத்திச் செருகுங்கள். பிறகு ஜம்பர்களைப் பழையபடி 66-க்கு மாற்றி, மதர்போர்டின் 3 வோல்ட் காசு பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வையுங்கள். மாற்றிய அமைப்புகள் மறையும். டிஸ்க்கில் உள்ள கணக்கு போகாது. தேதி மட்டும் தப்பிவிடும், பில் போடுமுன் திருத்துங்கள். பேட்டரி தீர்ந்தாலும் இதே கதைதான். 1953-ல் சிக்ரி திறக்கப்பட்ட ஊர்க்காரர்களுக்கு பேட்டரி பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை.

இன்றைய பெட்டிகளில் இடையட்டை இல்லை. மெமரிக்கு 'எக்ஸ்.எம்.பி.' என்ற வேக அமைப்பைப் போட்டுவிட்டுத் திரை வராமல் திண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பேட்டரி வைத்தியமே.

நமது மெஷின் 300-க்கு இறங்கியபின் நான்கு ஆண்டுகள் ஓடியது. விற்றவரிடம் கேட்டதற்கு, "வேகம் கேட்டீங்களே அண்ணே" என்றார்.