ஜான்சி ராணிப் படை

போர்க்களம் ஆடவர்க்கே உரியதென்பது உலகில் நெடுங்காலம் வேரூன்றி நின்ற எண்ணமாகும். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடித் தாயும் தன் ஒரே மைந்தனைக் களத்துக்கு விடுக்கின்றாளேயன்றித் தான் வேலேந்திச் சென்றாளல்லள். 1858இல் பிரித்தானியரை எதிர்த்துக் குவாலியரில் உயிர்நீத்த ஜான்சி ராணி இலக்குமிபாய் வாளேந்திப் பொருதவர். எனினும் அவர் ஓர் அரசி. எளிய குடிப் பெண்கள் திரளாய்ப் படைக்கலம் ஏந்திய வரலாற்றை அறிய 1943ஆம் ஆண்டின் சிங்கப்பூரை நோக்குதல் வேண்டும்.

அவ்வாண்டு யூலை மாதத்தில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ், மகளிர்க்கெனத் தனிப்படையொன்றை அமைக்க முற்பட்டார். அப்படைக்கு ஜான்சி ராணியின் பெயரே சூட்டப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரிற் பணியாற்றிய டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். பயிற்சி முகாம் ஒக்டோபர் 22ஆம் நாள் திறக்கப்பட்டது.

இப்படையிற் சேர்ந்தோருள் மிகப் பலர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். அவருட் பலர் இந்திய மண்ணைக் கண்ணாலுங் கண்டிலர். அங்ஙனமாகவும் அதன் விடுதலைக்கு அவர்கள் முன்வந்தது ஏன்? நாட்டுப்பற்று ஒரு காரணம். தோட்டத்துரையின் முன் தலைகுனிந்து நின்ற வாழ்விலிருந்து மீளும் வேட்கை மற்றொன்று. முகாமிலோ கோலாலம்பூரின் வசதிபடைத்த இல்லத்திலிருந்து வந்த ஜானகி தேவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே பந்தி. துப்பாக்கிப் பயிற்சியோடு நோயாளர் பராமரிப்பும் கற்பிக்கப்பட்டது.

1944இல் படையினர் பர்மா சென்றனர். இம்பால் முற்றுகை தோல்வியுற்றமையால் முன்னணிப் போருக்கு அவர்கள் அனுப்பப்பட்டிலர்; மேமியோவிற் காயமுற்ற வீரரைப் பேணினர். 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவிலே நடந்து பின்வாங்கினர்.

களத்தில் வென்றிலராதலின் இவர்தம் முயற்சி வீணென்பாரும் உளர். அது பொருந்தாது. ஜானகி தேவர் 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசு தோன்றத் துணைநின்றார். இலட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் புரிந்து, 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் போட்டியிட்டார். இந்திய இராணுவமோ மருத்துவத் துறைக்கு அப்பாற்பட்ட பிரிவுகளில் மகளிரை அதிகாரிகளாக ஏற்கத் தொடங்கியது 1992இலேதான்; அவர்க்கு ஆடவரோடொத்த நிரந்தரப் பதவியுரிமையை உச்சநீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வுரிமையைத் தம் செயலால் நாட்டியவர் தோட்டத்துப் பெண்கள் என்பது மறக்கற்பாலதன்று.